பின்வாசலில் நிற்காத பஸ்

ஆகஸ்ட் 6, புதன்

"நீங்க லீவு போட்ட நாள்ல உங்க வகுப்புல என்ன நடக்கும்?"

போன வாரம் நேர்முகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் பேராசிரியை தமயந்தி. எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் தலைமைத்திறன் சான்றிதழ் வகுப்பை நடத்துகிறவர். என் மகளைவிட இளையவராக இருப்பார். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், இப்போது இங்கே எம்.ஏ. வரலாறு முதலாண்டு மாணவி. பதிலுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஒண்ணும் நடக்காது மேடம். நான் வார வரைக்கும் பிள்ளைகள் காத்திருக்கும்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார். இடம் கிடைத்துவிட்டது.

இன்று முதல் வகுப்பு. மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. இரண்டாவது மாடியில் நின்று, அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல மூச்சு வாங்கினேன். பலகையில் ஒன்றுமே இல்லை.

வகுப்பின் விதி எளியது. நாலு பேர் கொண்ட அணி. வளாகத்தில் ஒரு பிரச்சினையை எடுத்து டிசம்பருக்குள் தீர்க்கவேண்டும். ஒவ்வொருவரும் நாட்குறிப்பு எழுதவேண்டும். முடிந்ததும் அது வகுப்பறை அலமாரிக்குப் போகும், அடுத்த வருடம் வருகிறவர்கள் படிப்பார்கள். ஆகவே, முகம் தெரியாத பிள்ளைகளே, வணக்கம். என் பெயர் ஞானக்கிருபை. கால்வலிக்காரி. மற்றதைப் போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

எங்கள் அணி அமைந்துவிட்டது.

மீரான், மேலப்பாளையத்துப் பையன், பி.பி.ஏ. படிக்கிறான். வாய் மூடாது. ஆல்பின், உவரிப் பக்கம், எம்.எஸ்சி. வேதியியல், விடுதியில் தங்கிப் படிக்கிறான். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேசையும் சேர்ந்து ஆடும். வடிவு, அவளும் ஆல்பின் வகுப்புத்தான், மானூருக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். மெல்லிய குரல். அவள் பேசும்போது எல்லோரும் முன்னால் சாயவேண்டியிருக்கிறது.

"தலைவர் யாரு?" என்று கேட்டேன்.

"டீச்சர் இருக்கும்போது வேற ஆளு நின்னா டெபாசிட் போயிரும்லா" என்றான் மீரான். ஒருமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிரச்சினை என்ன எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. மீரான் கேன்டீன் வடையைச் சொன்னான். அப்போது வடிவு மெதுவாக, "சாயங்காலம் லேப் முடிச்சு வீட்டுக்குப் போக எட்டு மணி ஆயிருது டீச்சர். அப்பா கேரளாவுல லாரி ஓட்டுதாவ. மாமாதான் எல்லாம் பாக்காவ. 'தைக்குள்ள சரியாகலன்னா படிச்சது போதும்'னுட்டாவ" என்றாள்.

எம்.எஸ்சி. வரை வந்த பிள்ளை! வடையெல்லாம் ஒரு பிரச்சினையா?

"அப்போ நம்ம பிரச்சினை என்ன? பஸ்...?" என்றேன்.

"ஸ்டாப்!" என்றார்கள் பையன்கள்.

"அதில்ல டீச்சர், லேபு..." என்று வடிவு தொடங்கினாள்.

"லேப் முடிய லேட்டாகுது, பஸ்ஸு கேட்டுல நிக்க மாட்டேங்குது. புரியுதும்மா. நீ கவலைப்படாத. பஸ்ஸை எங்க நிறுத்தப்போறோம்? மெயின் கே...?"

"ட்டுல!"

அரைமணி நேரத்தில் அணி முடிவெடுத்துவிட்டது. பக்கத்து அணி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மாவாட்டினேன். இவர் டிவி முன்னால் உட்கார்ந்தபடி, "கிருபை, நாளைக்கு நான்..." என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போகணும், தெரியும், சீட்டை எடுத்து வெச்சுட்டேன்" என்றேன். இவர் சரி என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

தமயந்தி எங்கள் மேசைப் பக்கம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது, "உங்க டீம்ல எல்லாரும் ஒண்ணாப் பேசுறாங்க" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

டீச்சராகப் போகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் பயன்படும் என்று சொல்கிறேன். வாக்கியத்தை முழுதாகச் சொன்னால் வகுப்பு உறங்கிவிடும். கடைசிச் சொல்லைப் பிள்ளைகளிடம் விட்டுவிடவேண்டும். எடுத்துக்காட்டாக, "முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்று எண்...?" என்று நிறுத்தினால், கடைசி பெஞ்சுக்காரன்கூட "பது" என்பான். அவனும் பாடத்துக்குள் வந்துவிட்டான் என்று பொருள். மதிய வெயிலில், அறுபது பேர் வகுப்பில், இதை வைத்துத்தான் காலம் தள்ளினேன்.

ஆகஸ்ட் 30, சனி

ஆல்பின் எழுதிவந்த மனு சரியில்லை. நாலு வரியில் முடித்துவிட்டான். நானே உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு எழுதினேன். மீரான் கையெழுத்து வாங்கப் போன இடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றான், அதனால் அதையும் நானே வாங்கினேன். வரலாற்றுத் துறை, தமிழ்த் துறை, நூலகம், அலுவலகம். வேதியியல் துறை எங்கோ பின்னால் இருக்கிறதாம். கால் ஒத்துழைக்கவில்லை. அங்கே போகாவிட்டால் என்ன, வடிவு நம் அணியில்தானே இருக்கிறாள்.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். தலைமை தாங்குவது களைப்பான வேலை என்று வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

செப்டம்பர் 10, புதன்

பணிமனைக்குப் போனோம். கிளை மேலாளரின் பெயர்ப் பலகையைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. சமுத்திரபாண்டி. எட்டாம் வகுப்பில் வகுத்தல் கணக்கில் மீதி வந்தால் அழிரப்பரால் அழித்துவிடுகிற பையன். மீதி வந்தாலே கணக்குத் தப்பு என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "டீச்சர், நீங்களா! நல்லா இருக்கியளா? ஏ, டீ சொல்லுப்பா. ஸ்ட்ராங்கா."

மனுவைப் படித்தான். "அந்தப் பஸ்ஸு மெயின் கேட் வழியா வாரதில்லயே டீச்சர். பின்பக்க ரோட்டுலல்லா போகுது. மெயின் கேட்டுல நிக்கணும்னா ரூட்டையே மாத்தணும்."

"மாத்தினா எவ்வளவு பிள்ளைகளுக்கு வசதி, யோசிச்சுப் பாரு. உன்னால மு...?"

"டியும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான்.

வடிவு என் முந்தானை ஓரத்தை லேசாகத் தொட்டு, "டீச்சர், பின்னால..." என்றாள். மேலாளர் முன்னால் சின்னப் பிள்ளைபோல் சேலையைப் பிடித்து இழுக்கிறாளே என்று, "பின்னால பேசிக்கலாம்மா" என்றேன். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. டீயும் குடிக்கவில்லை. வெட்கம்.

செப்டம்பர் 24, புதன்

பதில் வரவில்லை. மழையும் வரவில்லை.

அக்டோபர் 8, புதன்

உத்தரவு வந்துவிட்டது! தீபாவளி முடிந்ததும் மாலைப் பஸ் முன்வாசல் வழியாக வரும். மற்ற அணிகள் இன்னும் மனுவே எழுதி முடிக்கவில்லை. தமயந்தி எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார். வடிவு ஓரத்தில் நின்றாள். நடுவில் வரச் சொல்லி இழுத்து நிறுத்தினேன். பஸ் அவளுக்காகத்தானே.

"டீச்சர், அப்போ பின்வாசலுக்குப் பஸ்ஸு..." என்றாள்.

"இனி நீ பின்வாசலுக்கெல்லாம் நடக்கவே வேண்டாம். கௌரவமா முன்வாசல்ல ஏறு."

ஆல்பின் ஏதோ சொல்ல வாயெடுத்து அவளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டிவிட்டாள். படம் நன்றாக வந்திருக்கிறது. நான் கண்ணை மூடியிருக்கிறேன்.

அக்டோபர் 22, புதன்

புது வழியில் முதல் பஸ். முன்வாசலில் போய் நின்றேன். அலுவலகத்துக்காரர்கள், நூலகத்திலிருந்து வந்த பையன்கள் என்று பத்துப் பதினைந்து பேர் ஏறினார்கள். ஓட்டுநருக்கு மீரான் ஒரு லட்டு கொடுத்தான். வடிவைக் காணவில்லை. லேப் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

இதை எழுதும்போது ஏனோ அந்த வரியை இரண்டாம் தடவை படித்துப் பார்க்கிறேன். களைப்பு. படுக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்துவிட்டேன். மாடிப்படியில் கடைசி வளைவில் மூச்சு வாங்க நின்றபோது வகுப்பறைக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

மீரான்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டிருப்பான் என்று குரலிலேயே தெரிந்தது. "பிள்ளைகளா, நாளைக்கு நாம எங்க போறோம்? டிப்...?"

"போ!" என்று யார் யாரோ கத்தினார்கள். பக்கத்து அணியும் சேர்ந்துவிட்டது.

"நாம யாரைக் கேட்டு முடிவெடுப்போம்? யாரையும் கே...?"

"க்க மாட்டோம்!"

"வடிவோட பஸ்ஸு எங்க நிக்கும்? வடிவு இல்லாத இட...?"

"த்துல!"

பெரிய சிரிப்பு. பிறகு மீரான் சொந்தக் குரலில் பேசினான். "சிரிக்காதீங்கல. பாவம் அவ. முன்னல்லாம் பஸ்ஸு லேபு வாசல்லயே ஸ்லோ ஆகுமாம், டிரைவர் அண்ணாச்சி இந்தப் புள்ளைகளுக்காவ ஹாரன் அடிச்சு நிப்பாட்டுவாராம். இப்ப மெயின் கேட்டுக்கு ஓடி வாரதுக்குள்ள பஸ்ஸு போயிருது. அடுத்த பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போக ஒம்பதரை. போன வாரத்தோட மாமா நிப்பாட்டிட்டாராம். தை வரைக்கும்கூட விடல."

"டீச்சர்ட்ட யாராச்சும் சொல்லணும்" என்றான் ஆல்பின்.

"சொல்லேன். நீ 'டீச்சர்'னு ஆரம்பி. மிச்சத்தை அவங்களே சொல்லி முடிச்சிருவாங்க."

நான் கீழே இறங்கினேன். கேன்டீனில் ஒரு டீ சொன்னேன். பிறகு செருப்பைத் தேய்த்துச் சத்தம் எழுப்பிக்கொண்டு மறுபடி மேலே ஏறினேன். எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். மீரான் நன்றாகத்தான் நடிக்கிறான். இழுவை அச்சு அசல் என்னுடையது.

நவம்பர் 6, வியாழன்

தலைவலி.

நவம்பர் 8, சனி

வேதியியல் துறைக்கு நடந்து போனேன். முன்வாசலிலிருந்து உடைமரங்களுக்கு நடுவே நீண்ட பாதை. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு இல்லை. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். லேப் கட்டடத்தை ஒட்டியே பின்வாசல் இருக்கிறது. ஒரு காகம் உட்கார்ந்திருந்தது, காவலாளி நின்றிருந்தார்.

"இங்க சாயங்காலம் பஸ் நிக்குமாமே?" என்று கேட்டேன்.

"நின்னுக்கிட்டுத்தான் இருந்துது. யாரோ ஒரு டீச்சரம்மா மனு குடுத்து மாத்திப்புட்டாங்களாம். புண்ணியவதி" என்றார். "நீங்க யாரைப் பாக்க வந்திய?"

யாரையும் பார்க்க வரவில்லை என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தோம். பிரசங்கம் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சாப்பிடும்போது இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கே வடிவின் ஊருக்குப் போய் அவள் மாமாவைப் பார்த்துப் பேசி, அவளைத் திரும்ப அனுப்பவைக்கப் போகிறேன் என்றேன். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஒரு டீச்சர் வாசலில் போய் நின்றால் எந்த மாமா மறுப்பார்?

இவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "மறுக்க மாட்டாரு. 'சரிங்க டீச்சர்'ம்பாரு. காப்பி குடுப்பாரு. பஸ் ஏத்தியும் விடுவாரு. நீ இந்தப் பக்கம் வந்ததும்...?" என்று நிறுத்தினார்.

இவர் என் வழக்கத்தை எடுத்துக்கொண்டு பேசியது இன்றுதான் முதல் தடவை. நான் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிவு எனக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "ஆகஸ்ட்ல ஒரு நாள் நாளைக்கு நான்னு ஆரம்பிச்சேன்ல, ஆஸ்பத்திரின்னு நீயா முடிச்சிட்ட. நான் ஆஸ்பத்திரியச் சொல்லல. உன்கூட காலேஜுக்கு வரட்டான்னு கேக்க வந்தேன். நீ படிக்கிற இடம் எப்படி இருக்குன்னு பாக்கணும்னு தோணிச்சு" என்றார்.

இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டேன்.

நவம்பர் 12, புதன்

இன்று வடிவு வந்தாள். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள். கூட அவள் மாமா மகன் ஒருத்தன் கீழே பைக்கில் காத்திருக்கிறான்.

மூன்றாவது மாடிக்கு வந்து கதவருகில் நின்றபடியே, "வாரேன் டீச்சர்" என்றாள்.

அறைக்குள் நாங்கள் நாலு பேர்தான். பேசவேண்டியதைப் பஸ்ஸிலேயே தயாரித்து வைத்திருந்தேன். மன்னிப்பு, சமாதானம், சமுத்திரபாண்டியிடம் மறுபடி போகிற திட்டம், எல்லாம் வரிசையாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு கேள்வியைக் கேட்டேன், கடைசிச் சொல் வரைக்கும் நானே சொல்லிக் கேட்டேன்.

"வடிவு, உனக்கு என்ன வேணும்?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் வாய்க்குள் பத்துப் பதில்கள் வரிசையில் நின்றன. பால் பொங்கும்போது அடுப்பை அணைக்கக்கூடாது என்று யாரோ கையைப் பிடித்துவைத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஆல்பினின் கால் ஆடியது. மேசை ஆடியது. மீரான் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான். கீழே பைக் ஹாரன் அடித்தது. நான் சேலைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டேன்.

மறுபடி ஹாரன்.

"எனக்குப் பஸ்ஸே வேண்டாம் டீச்சர்" என்றாள் வடிவு. "பேட்ச் மாத்துனாப் போதும்."

எனக்குப் புரியவில்லை. நான் கேட்கவில்லை. காத்திருந்தேன்.

"லேபுக்கு ரெண்டு பேட்ச் டீச்சர். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பேர் வரிசைப்படி பிரிச்சிட்டாவ. எங்க பேரெல்லாம் கடைசி. காலை பேட்ச்ல இருக்கவிய பாதிப்பேரு ஹாஸ்டல். அவிய எப்ப லேப் முடிச்சாலும் நடந்து ரூமுக்குப் போயிருவாவ. பஸ்ஸுல போற புள்ளைக ஆறு பேரு சாயங்கால பேட்ச்ல கெடக்கோம். மாத்திவிட்டா நாலு மணி பஸ்ஸுக்கே போயிருவேன்."

மீரான் மெதுவாக ஆல்பின் பக்கம் திரும்பினான். "ஏல ஆல்பின். நீ எந்த பேட்ச்?"

"காலை" என்றான் ஆல்பின். கால் ஆடுவது நின்றுவிட்டது.

"ஹாஸ்டல்தான?"

"ஆமா."

"மூணு மாசமா இவ பக்கத்துலதான உக்காந்திருக்க?"

"இவ கேக்கலையே" என்றான் ஆல்பின்.

"நீ கேக்க விட்டாத்தான" என்று வடிவு ஆல்பினிடம் சொன்னாள். ஆனால் பார்வை என் மேல் இருந்தது. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உறைத்தது.

"காலையில எந்திரிச்சு லேபுக்குப் போறதே எனக்கு நரகம்" என்றான் ஆல்பின். "நீ முன்னாலயே சொல்லியிருந்தா சந்தோஷமா மாறியிருப்பேன்ளா."

முதலில் மீரான் சிரித்தான். பிறகு வடிவும் சிரித்துவிட்டாள். கீழே ஹாரன் விடாமல் அடித்தது. மீரான் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "மச்சான், அஞ்சு நிமிஷம்! மீட்டிங்!" என்று கத்தினான்.

தலைவர் பொறுப்பை வடிவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். இந்தக் கேள்வியையும் முழுதாகவே கேட்டேன். மீரான், "யோசிச்சுச் சொல்லுதோம் டீச்சர்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மற்ற இருவரோடும் மூலைக்குப் போனான். என் கண்முன்னாலேயே என்னை விட்டுவிட்டு என் அணி பேசியது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால், பிடிக்கவில்லை.

திரும்பி வந்து, சரி என்றார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

மாமா மகனிடம் நூலகத்தில் இன்னும் ஒரு புத்தகம் பாக்கி என்று சொல்லிவிட்டு வடிவு இன்று வந்தாள். வேதியியல் துறைத்தலைவரைப் பார்க்க அவளும் ஆல்பினும் போவதாக முடிவு. பன்னிரண்டரைக்குக் கிளம்பினார்கள்.

எந்தத் துறைத்தலைவரிடமும் சாப்பாட்டுக்கு முன்னால் போகக்கூடாது என்பது முப்பது வருடம் ஸ்டாஃப் ரூமில் இருந்த எனக்குத் தெரியும். சொல்ல வாய் வந்தது. யாரும் கேட்கவில்லை. தண்ணீர் குடித்தேன்.

அரைமணியில் திரும்பி வந்தார்கள். "நடுவுல பேட்ச்லாம் மாத்த முடியாது, ரெக்கார்டு கெட்டுப்போகும், போங்கன்னுட்டாங்க" என்றான் ஆல்பின். வடிவின் கண்ணில் நீர் முட்டியது. கூடப் போயிருக்கவேண்டும் நான். நான் போயிருந்தால் அந்த அம்மாள் எழுந்து நின்றிருப்பார்.

"பசி போலிருக்கு அவங்களுக்கு. மேசையில டிபன் பாக்ஸ் திறந்தபடி இருந்துச்சு" என்றாள் வடிவு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "திங்கக்கிழமை மூணு மணிக்குப் போவோம்ல. கையில சம்மதக் கையெழுத்தோட போனா என்ன சொல்லுவாவ?"

"ஹாஸ்டல் பசங்களை நான் பாத்துக்கிடுதேன்" என்றான் மீரான். "எவன் மாறுதானோ அவனுக்கு எங்க வீட்டுல பிரியாணி."

அப்போதும் நான் பேசவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு களைத்த மத்தியானம் இல்லை. பேசாமல் இருக்க இத்தனை உடம்பு வேண்டுமா!

நவம்பர் 17, திங்கள்

துறைத்தலைவர் சம்மதித்துவிட்டார். இந்தப் பருவத்தில் மிச்சமிருக்கிற லேப்களைக்கூட அந்த ஆறு பெண்களும் காலையிலேயே செய்யலாம். ஆல்பினோடு சேர்த்து விடுதிப் பையன்கள் ஆறு பேர் மாலைக்கு மாறுகிறார்கள். மீரானுக்குப் பிரியாணிச் செலவு.

இன்றும் நூலகப் புத்தகத்தைச் சாக்குச் சொல்லி வந்திருந்த வடிவு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, "மாமாட்ட இன்னைக்குப் பேசுதேன் டீச்சர்" என்றாள். நான் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

வடிவு வரவில்லை. போனும் அவள் மாமாவிடம் இருக்கிறது. அரிசியில் கல் பொறுக்கினேன். கல்லே இல்லாத அரிசி.

நவம்பர் 19, புதன்

நான் மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது வடிவு வெள்ளை லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். காலை பேட்ச் முடித்துவிட்டு நேரே வந்திருக்கிறாள். கையில் ஏதோ அமிலக் கறை.

"என்ன சொன்னாரு, சொல்லேம்ளா" என்று பையன்கள் பிடுங்கினார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள்.

"நேத்து முழுக்க மாமா பேசவே இல்ல. ராத்திரி சாப்பாட்டுல வெச்சுத்தான் கேட்டாவ. 'இந்த ஏற்பாடெல்லாம் யாரு செஞ்சது? அந்த டீச்சரம்மாவா?'ன்னாவ. 'இல்ல மாமா, நான்தான் போய்க் கேட்டேன்'னேன். 'நீயா? துறைத்தலைவர்ட்டயா?'ன்னாவ. 'முதல் தடவை விரட்டிட்டாங்க, மறுபடி போனேன்'னேன். மாமா அத்தையப் பாத்தாவ. அப்புறம் தட்டைப் பாத்துக்கிட்டே, 'காலையில எத்தன மணிக்குப் பஸ்ஸு?'ன்னு கேட்டாவ."

அவ்வளவுதான் சொன்னாராம். இன்று காலையில் அவர்தான் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

மீரான் மேசையைத் தட்டினான். ஆல்பின், "இனிமே நான்தான் ராத்திரி வரைக்கும் லேபுல சாகணும்" என்று சொல்லிக்கொண்டே சிரித்தான். நான் என் கண்ணாடியைத் துடைத்தேன். தூசி.

டிசம்பர் 10, புதன்

இன்று இறுதி அறிக்கை. வடிவு மேடையில் பேசினாள். இன்னும் மெல்லிய குரல்தான். எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். பஸ் நிறுத்தத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று அணிக்குள் முன்தினம் ஒரு விவாதம். "அதையும் சொல்லணும், நாம செஞ்ச தப்புன்னு சொல்லணும்" என்று அவள் முடிவு செய்தாள். சொன்னாள். முதல் பரிசு பக்கத்து அணிக்குப் போய்விட்டது, அவர்கள் கேன்டீன் வடையைத் திருத்தியிருந்தார்கள். எங்களுக்குச் சான்றிதழ் உண்டு.

பின்பக்கச் சாலைக்குப் பஸ்ஸைத் திருப்பச் சொல்லி நாளை சமுத்திரபாண்டியிடம் நான் போகவேண்டும். அணி எனக்குக் கொடுத்த வேலை. மற்ற துறைப் பெண்கள் சிலர் இன்னும் அந்த வாசலில் நிற்கிறார்களாம். எத்தனை பேர், எந்த நேரம் என்று முதலில் அவர்களிடமே கேட்டுவிட்டுப் போங்கள் என்று ஆல்பின் சொல்லியிருக்கிறான். கேட்டுவிட்டுத்தான் போவேன். அதற்காக வளாகத்துக்குப் போகும்போது இவரும் கூட வருகிறார், என் கல்லூரியைப் பார்க்க. லிஃப்ட் ஓடவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பரவாயில்லை என்கிறார்.

நாட்குறிப்பை நாளை அலமாரியில் வைத்துவிடுவேன். அடுத்த வருடம் இதைப் படிக்கிற பிள்ளைக்கு ஒரே ஒரு வேலை சொல்லிவிட்டுப் போகிறேன். உங்கள் அணி முதல் தடவை கூடும்போது, அதிகம் பேசாத ஒருவரைப் பார்த்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை நீங்கள் ஒரு சொல்லும் பேசாதீர்கள்.